பேனல் விலை விழுந்தால் யாருக்கு அடி?

அல்சூர் அம்மாவுக்கு,

பையன் இ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல் பொறியியல்) மூன்றாம் வருஷம். மேற்படிப்பு சோலார்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நீங்களோ சோலார் கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்ற செய்தி படித்ததிலிருந்து தூங்கவில்லை என்கிறீர்கள்.

செய்தி பொய்யில்லை. 2011இல் அமெரிக்காவின் சோலிண்ட்ரா என்ற சோலார் கம்பெனி திவாலாகி, சுமார் 1,100 பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். 2024இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்கில் மேயர் பர்கர் கம்பெனி பேனல் தயாரிப்பையே நிறுத்தியது. அதே வருஷம் சீனாவின் பெரிய கம்பெனிகளும் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தன. காரணம் எளிது: தேவைக்கு மேல் செய்து குவித்தார்கள், விலை சரிந்தது. ஆனால் அதே மலிவுதான் கூரையில் பேனல் மாட்டுகிறவருக்கு வியாபாரம்.

ஒரு பேனல் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். செல்களைப் பற்றவைத்துச் சரமாகக் கோப்பது மெஷின். சரத்தைக் கண்ணாடி மேல் அடுக்குவது ரோபோ கை. பேனலில் மின்சாரம் பாய்ச்சி எடுத்த கறுப்புவெள்ளைப் படத்தில் மயிரிழை விரிசல் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெண். அந்த வேலைக்கும் மென்பொருள் வந்துவிட்டது. நம்மூர்த் தொழிற்சாலைகளோ, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பேனலுக்குப் போட்ட 40 சதவீத வரி என்னும் வேலிக்குள் வளர்ந்த பயிர். வேலி எத்தனை நாளைக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அதனால் ‘சோலார்’ என்று பெயர் ஒட்டிய படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். பவர் எலக்ட்ரானிக்ஸ் படிக்கட்டும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் ரிலேவும் கைவந்தவனுக்கு, சோலார் படுத்தால் மின்வண்டி, மெட்ரோ, டேட்டா சென்டர் என்று பெங்களூரிலேயே கதவுகள் உண்டு. கர்நாடகத்தின் பாவகடா சோலார் மின் பூங்கா 2,050 மெகாவாட். பேனலைச் செய்வது ஒரு தடவை, பூங்காவை ஓட்டுவது 25 வருஷம். அங்கேயும் கூட்டமாக ஆள் எடுக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அப்புறம், பையனுக்குக் கன்னடம் எழுதப் படிக்க வருமா? சிரிக்காதீர்கள். பெங்களூர் மின் விநியோகக் கம்பெனியான பெஸ்காம் அலுவலகத்தில் நெட் மீட்டர் (கூரை சோலார் மின்சாரத்தின் வரவு செலவைக் கணக்கிடும் மீட்டர்) விண்ணப்பம் நகர, மார்க் ஷீட்டைவிட அது உதவும்.

கேம்பஸில் பேனல் தொழிற்சாலை வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். எந்தப் பிரிவு என்று மட்டும் கேட்கட்டும். மெஷின் பராமரிப்பு என்றால் சரி, பி.எல்.சி. (மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கற்றவனை எந்தத் தொழிற்சாலையும் எடுக்கும். வெறும் லைன் மேற்பார்வை என்றால், இரண்டு வருஷத்துக்குள் வேறு பிரிவுக்கு மாறப் பார்க்கட்டும். அதுவரை அவன் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் எதுவும் வாங்காதீர்கள்.