உண்ட வீட்டுக்கு இரண்டகம்

அன்புள்ள ஐயா,

1808 ஜனவரி 26 அன்று சிட்னியில் பட்டாளமே திரண்டு போய் கவர்னர் வில்லியம் ப்ளையைக் கைது செய்த கதையைப் படித்தேன். கட்டுப்பாட்டுக்குப் பேர்போன வெள்ளைக்காரப் படையில் இப்படியும் நடக்குமா? நம் ஊர் கம்பெனி ஆட்சியில் இதுபோல எதுவும் நடந்ததாகத் தெரியவில்லையே?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

நடந்திருக்கிறது. சிட்னிக்கு 32 வருஷம் முன்பே, 1776-ல், சென்னையில் கவர்னர் ஜார்ஜ் பிகட்டைப் படையே கைது செய்தது. அதற்கும் முன்னால், 1665-ல், சென்னையில் கம்பெனித் தலைவராக இருந்த எட்வர்ட் வின்டர் என்பவர் தன் பதவிக்கு வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டைக் கோட்டைக்குள்ளேயே சுமார் மூன்று வருஷம் அடைத்து வைத்திருந்தார். அது தனிக்கதை.

1776 விவகாரத்துக்கு வேர் தஞ்சாவூரில் இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலி 1773-ல் கம்பெனிப் படையின் தயவில் தஞ்சையைப் பிடித்துக்கொண்டார். லண்டன் டைரக்டர்களுக்கு அது ரசிக்கவில்லை. ராஜா துளஜாவிடமே ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஜார்ஜ் பிகட்டை இரண்டாம் முறை கவர்னராக அனுப்பினார்கள். பிகட் ஏப்ரலில் நேரிலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழுந்தார். நவாபுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் கடன் கொடுத்திருக்கிறேன், தஞ்சை வருமானத்தை நவாப் எனக்கு ஈடாக எழுதித் தந்திருக்கிறார், அதை யார் கொடுப்பது என்றார். அவர் கேட்ட தொகை இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல். சம்பளமோ வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு! கவர்னரோடு சேர்ந்து வாக்குப் போட்டு முடிவெடுக்கும் கவுன்சில் முதலில் முடியாது என்றது, அப்புறம் பெரும்பான்மை அவர் பக்கம் சாய்ந்தது. நவாபுக்கு வட்டிக்கு விட்டவர்கள் கம்பெனி ஆட்களிலேயே நிறையப் பேர் என்பதால் இதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கம்பெனி சார்பில் தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது என்று அடுத்த சண்டை. பிகட் தன் ஆளை அனுப்பப் பார்த்தார், எதிர்க்கட்சி கர்னல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டை. வாக்கில் தோற்ற பிகட், எதிரணியில் இருவரை சஸ்பெண்ட் செய்தார். மற்றவர்கள் தனியே கூடி, நாங்கள்தான் அரசாங்கம் என்று அறிவித்து, கவர்னரைக் கைது செய்யும்படி ஸ்டுவர்ட்டுக்கு எழுத்திலேயே உத்தரவு கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 24. ஸ்டுவர்ட் காலைப் பலகாரம் சாப்பிட்டது பிகட்டோடு. மத்தியானச் சாப்பாடும் பிகட்டோடுதான். சாயங்காலம் கவர்னர் தோட்ட வீட்டுக்குக் கிளம்பியபோது அதே வண்டியில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இன்று பொருட்காட்சி நடக்கும் தீவுத்திடல் பக்கம் வண்டி வந்ததும், ஏற்கெனவே பேசி வைத்திருந்த அதிகாரிகள் சிப்பாய்களோடு மறித்தார்கள். பிகட்டை இறக்கிப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள்.

ஆகவே கட்டுப்பாடு கெட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன். சிப்பாய்களுக்கு பிகட் மேல் ஒரு குறையும் இல்லை. உத்தரவு வந்தது, செய்தார்கள். யாருடைய உத்தரவு அரசாங்க உத்தரவு என்பதுதான் தகராறு, அதைக் கிளப்பியவர்கள் துப்பாக்கி தூக்காத கவுன்சிலர்கள்.

பிகட்டை மறுபடி பதவியில் வைக்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு கிளம்பியது. அது வந்து சேருவதற்குள் 1777 மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். கவுன்சிலர்கள் நான்கு பேருக்கு லண்டன் கோர்ட்டில் ஆளுக்கு 1000 பவுண்டு அபராதம். அவர்களுக்கு அது வெற்றிலை பாக்குச் செலவு.

ஸ்டுவர்ட் ராணுவ விசாரணையில் தப்பித்தார். ஹைதர் அலியோடு நடந்த சண்டையில் ஒரு காலை இழந்தார், சென்னைப் படைத் தலைவரும் ஆனார். 1783-ல் கவர்னர் மெக்கார்ட்னி அவரையே கைது செய்து கப்பலேற்றிவிட்டார். மனுஷன் விடவில்லை. 1786-ல் இங்கிலாந்தில் மெக்கார்ட்னியைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்து, ஒற்றைக் காலோடு மரத்தில் சாய்ந்து நின்று சுட்டுக் காயப்படுத்தினார்.