கரும்பு டிரெய்லரில் பேரிங் ஏன் அடிக்கடி போகிறது?

கேள்வி: எங்கள் டிராக்டர் டிரெய்லரில் கரும்பு ஏற்றுகிறோம். போன பருவத்தில் ஒரே சக்கரத்தில் இரண்டு தடவை பேரிங் எரிந்துவிட்டது. இரண்டு தடவையும் புதுசுதான் போட்டோம். கிரீஸை நிரப்பி, கொஞ்சமும் ஆட்டம் இல்லாதபடி நட்டை இறுக்கினோம். அப்படியும் ஏன் போகிறது? – கள்ளக்குறிச்சி வாசகர்

பதில்: ஆட்டம் இல்லாதபடி இறுக்கியதுதான் முதல் சந்தேகம். டிரெய்லர் ஹப்பில் (சக்கரம் பூட்டியிருக்கும் நடுக்குடம்) உள்பக்கம் பெரியதும் வெளிப்பக்கம் சிறியதுமாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் (சரிவான உருளைகள் கொண்டவை) எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். பாரத்தோடு ஓடும்போது அவை சூடாகி விரியும். விரிய இடம் விடாமல் நட்டை முறுக்கிவிட்டால் ரோலர்கள் கப்பில், அதாவது ஹப்பில் பதிந்திருக்கும் வெளிவளையத்தில், நெருங்கித் தேயும், சூடு இன்னும் ஏறும், கிரீஸ் இளகி வெளியேறும். கழற்றிய பேரிங் நீலம் பாய்ந்திருந்தால் இப்படித்தான் எரிந்திருக்கிறது. லூஸாக விடுவதும் தப்பு. பாரம் சில ரோலர்கள் மேலேயே விழும். ஹப் ஆடி ஆடி, கிரீஸ் வெளியேறாமல் காக்கும் ஆயில் சீலும் கிழியும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்க வேண்டாம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, சுற்றுவது கனக்கும்வரை நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். ரோலர்கள் இடத்தில் உட்காரத்தான் இது. பிறகு சக்கரத்தை அசைக்காமல் நட்டை முழுக்கத் தளர்த்தி, வெறும் கைவிரலால் முட்டும்வரை திருப்புங்கள். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டின் அடுத்த பள்ளம் வரை தளர்த்துங்கள். அதற்காக இறுக்கக் கூடாது. காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்கட்டும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிக லேசான அசைவு தெரிய வேண்டும். ஆக்சில் தயாரிப்பாளர் வேறு அளவு தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரே சக்கரத்தில் திரும்பத் திரும்பப் போவதால் இன்னொன்றையும் பாருங்கள். ரோலர் கூண்டை மட்டும் மாற்றிவிட்டு ஹப்பிலேயே பழைய கப்பை விட்டுவிட்டார்களா? கப்பும் கோனும் (ரோலர்கள் சுற்றியிருக்கும் உள்வளையம்) ஜோடியாகவே மாற வேண்டும். பழைய கப்பின் குழிகள் புது ரோலரைச் சீக்கிரமே கெடுத்துவிடும். கோன் உட்காரும் ஆக்சில் முனை தேய்ந்திருந்தாலும் வளைந்திருந்தாலும் எந்தப் பேரிங்கும் நிற்காது.

பாரத்தோடு 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, எல்லா ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அப்படியே மேலே ஓட்டாதீர்கள்.

கேள்வி: சாதாரண மஞ்சள் கிரீஸ் போதாதா? எவ்வளவு வைக்க வேண்டும்? – ஈரோடு வாசகர்

பதில்: சாதாரண கால்சியம் கிரீஸ் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே உருகும். சாஸி நிப்பிளுக்கு அது போதும், சக்கரத்துக்குப் போதாது. டப்பாவில் வீல் பேரிங்குக்கு என்று போட்டிருக்கும் 2-ஆம் நம்பர் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் வாங்குங்கள்; இது 200 டிகிரிக்கு மேலும் உருகாது. பழையதோடு கலக்க வேண்டாம். ஒத்துப்போகாத இரண்டு வகை சேர்ந்தால் கஞ்சிபோல் இளகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே புதியது. காற்று அடித்து பேரிங்கைச் சுழற்றாதீர்கள். ரோலர் தெறித்து ஆளைக் காயப்படுத்தும்.

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான ஓரத்தை அதில் அழுத்தி இழுங்கள். மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை சுற்றிலும் செய்யுங்கள். ஹப்பின் உள்வெளியில் மூன்றில் ஒரு பங்கு போதும். திணித்தால் கிரீஸ் கடையப்பட்டு சூடாகும், சீலையும் தள்ளிவிடும்.

கேள்வி: சேற்று வயலில் இறங்கும் டிரெய்லருக்கு? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: சூடான ஹப் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சாலையில் ஓடி வந்தால் சற்று ஆறவிட்டு இறக்குங்கள். ஹப்பின் வெளிமூடியான தொப்பியைக் கழற்றும்போது கிரீஸ் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே பிரித்துக் கழுவ வேண்டும். சீலைப் பழையதாகப் போடாதீர்கள். ஸ்பிரிங் உள்ள உதடு கிரீஸ் பக்கம் பார்க்க, மேலே தட்டையான கட்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

வருடாந்தரச் சர்வீஸை அறுவடை முடிந்த கையோடு செய்துவிடுங்கள். ஈரத்தோடு மாதக்கணக்கில் நின்றால் ஒவ்வொரு ரோலருக்கு அடியிலும் துருக்கோடு விழும். அடுத்த பருவத்தில் கப் உரிவது அந்தக் கோட்டில்தான்.