முட்டுக்கால்: சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. இன்னும் சாமத்தியப்படவில்லை. நேராக நிற்கும்போது முழங்கால்கள் முட்டிக்கொள்கின்றன, கணுக்கால்களுக்கு நடுவில் 11 சென்ரிமீற்றர் இடைவெளி. நடன வகுப்பு முடிந்து வந்தால் முழங்கால் நோகிறது என்கிறாள். சிறிய தகடு பொருத்திச் சரிசெய்யலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் மாமி. சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகு செய்தால் என்ன?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மாமி சொல்வது நாலு வயதுப் பிள்ளைக்குச் சரி. மூன்று நான்கு வயதில் கால் இப்படி வளைந்திருப்பது இயல்பு. ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் தானாக நேராகிவிடும். 12 வயதில் 11 சென்ரிமீற்றர் இடைவெளியும் நோவும் இருந்தால் அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்க முடியாது. விசேட சப்பாத்து, பட்டி, எண்ணெய் எதுவும் எலும்பை நிமிர்த்தாது. அவற்றுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

பரீட்சை வரை தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை. அந்தச் சிறிய தகடு தானாகக் காலை நிமிர்த்துவதில்லை, உங்கள் மகளின் வளர்ச்சியே நிமிர்த்துகிறது. முழங்காலுக்கு அருகே எலும்பு நீளும் குருத்துத் தட்டு ஒன்று உண்டு. அதன் உட்பக்கத்தில் இரண்டு திருகாணிகளோடு தகட்டைப் பொருத்தினால் அந்தப் பக்கம் மட்டும் வளர்ச்சி தடைப்படும், வெளிப்பக்கம் தொடர்ந்து வளரும். மாதத்துக்கு ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவாகக் கால் நேராகி வரும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகலாம். பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதில், ஆண்பிள்ளைகளுக்குச் சுமார் 16 வயதில் முழங்கால் வளர்ச்சி ஓய்ந்துவிடும். உங்கள் மகள் 16 வயதளவில் பரீட்சை எழுதும்போது தகட்டுக்கு வேலையே இருக்காது.

அதற்குப் பிறகு எலும்பை வெட்டி, நிமிர்த்தி, பெரிய தகடு வைத்துப் பொருத்த வேண்டும். வாரக்கணக்கில் ஊன்றுகோல், காலின் நரம்பு பாதிக்கப்படும் ஆபத்தும் உண்டு. நல்ல சிகிச்சைதான், ஆனால் பிள்ளைக்குத் தேவையில்லாத பாரம். சிறிய தகடு வைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாட்களில் காலை ஊன்றி நடப்பார்கள், இரண்டு மூன்று வாரத்தில் பாடசாலைக்குப் போவார்கள். நடனத்தை மட்டும் சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன்பு இரண்டு விஷயம். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, நின்றபடி, முழங்கால் சில்லு முன்னோக்கி இருக்க எடுத்த எக்ஸ்றே வேண்டும். கல்சியம், பொஸ்பேற், விற்றமின் டி, சிறுநீரகச் செயற்பாடு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் வேண்டும். எலும்பு மென்மையாகும் நோய் உள்ளே இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த கால் திரும்பவும் வளையலாம்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள். நோவு இல்லையே என்று கிளினிக்கை விட்டுவிட்டால் கால் மறுபக்கம் வளைந்துவிடலாம். நேரானதும் தகட்டைக் கழற்ற இன்னொரு சிறிய சத்திரசிகிச்சை வரும், அதையும் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கழற்றிய பிறகும் வளர்ச்சி முடியும்வரை பார்க்க வேண்டும், சிலருக்குக் கொஞ்சம் திரும்பி வளையும்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தகட்டை வெளியில் வாங்க வேண்டியிருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு மாமியையும் கூட்டிப் போங்கள், எக்ஸ்றேயை அவரும் பார்க்கட்டும்.