முடிவு முதல் வரியில் வரட்டும்

உங்கள் ஆங்கில அறிக்கையின் சுருக்கத்தில், முதல் வரியிலேயே நீங்கள் அளந்த முடிவை எழுதுங்கள். வாய்க்கால் நீரோட்ட அறிக்கை இரண்டு தடவை "தெளிவில்லை" என்று திரும்பி வந்ததற்கு உங்கள் ஆங்கிலம் காரணம் அல்ல. இரணைமடுக் குளம், கனகராயன் ஆறு, கிளிநொச்சி வயல்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகு, ஒன்பதாவது வரியில்தான் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று சொல்லியிருக்கிறீர்கள். உயர்தரம்வரை முன்னுரையோடு தொடங்கிப் பழகிய கை அப்படித்தான் எழுதும்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: "மிதவை முறையில் அளந்தபோது வாய்க்காலில் செக்கனுக்கு 0.42 கன மீற்றர் நீர் ஓடியது." அடுத்து இடமும் நேரமும், பிறகு அளவீட்டில் வரக்கூடிய வழு. நீரில் மிதக்கவிட்டு நேரம் பார்க்கும் மிதவை காட்டுவது மேற்பரப்பின் வேகத்தை. அடியில் நீர் மெதுவாகவே போகும். அதனால் சராசரி வேகம் பெற அதை 0.85 போன்ற காரணியால் பெருக்கினீர்களா என்பதையும் எழுதுங்கள். அது விடுபட்டதைத்தான் நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன்.

எழுதியதை வயல் செய்யும் உறவினர் ஒருவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். "எவ்வளவு தண்ணீர்?" என்று அவர் திரும்பக் கேட்டால் மறுபடி எழுதுங்கள்.

துறை தந்த படிவத்தில் பின்னணி முதலில் என்றிருந்தால் அதை மீறவேண்டாம். பின்னணியை ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.