ஏர் கிளீனர் பாக்ஸை வீட்டிலேயே கழற்ற: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பில்டர் மாத்த முழு பாக்ஸையும் இறக்கணுமா?

பதில்: வேண்டாம், மேல்மூடியைத் திறந்தாலே போதும். அடிப்பெட்டியில் சருகு, எலிக்கூடு இருந்தாலோ, த்ராட்டில் பாடிக்கு (இன்ஜினுக்குள்ள போற காத்தின் அளவைக் கட்டுப்படுத்துற பாகம்) கை போகணும்னாலோதான் முழுசா இறக்கணும்.

கேள்வி: எதை முதலில் கழற்றணும்? கார் பெட்ரோல்.

பதில்: இன்ஜின் ஆறட்டும், சாவி ஆஃப்ல இருக்கட்டும். முதல்ல ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ளே போற காத்தை அளக்கிற கருவி) கனெக்டர். லாக்கை அழுத்திக்கிட்டு கனெக்டரைப் பிடிச்சு இழுங்க, ஒயரை இழுக்காதீங்க. வெயிலும் சூடும் பட்டு அந்த லாக் மொறுமொறுன்னு ஆகியிருக்கும், அவசரப்பட்டா உடைஞ்சிடும். அடுத்து சின்ன ப்ரீதர் ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவி வர்ற குழாய்), பிறகு த்ராட்டில் பாடிக்குப் போற பெரிய ஹோஸின் கிளாம்ப். பாக்ஸ் போல்ட் கடைசி. பல கார்களில் 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் போதும். ஹோஸைக் கழற்றினதும் த்ராட்டில் வாயைச் சுத்தமான, நூல் பிரியாத துணியால மூடிடுங்க. உள்ளே ஒரு கிளிப் விழுந்தா செலவு பெருசு.

கேள்வி: போல்ட் எல்லாம் எடுத்தாச்சு சார், பாக்ஸ் அசையுது, ஆனா வரலை.

பதில்: அடியில் இருக்கிற முளை ரப்பர் புஷ்ஷுக்குள்ள செருகியிருக்கும். ரெண்டு கையாலும் நேரா மேலே தூக்குங்க. ஸ்க்ரூடிரைவரால நெம்பினா பிளாஸ்டிக் காது போயிடும். முன்பக்கம் காத்து இழுக்கிற பைப் மாட்டிக்கிட்டிருக்கான்னும் பாருங்க. புஷ் கழண்டு கீழே விழுந்திருந்தா தேடி எடுத்து மறுபடி போடுங்க. இல்லேன்னா பாக்ஸ் தடதடன்னு அடிக்கும்.

கேள்வி: திரும்ப மாட்டினேன். ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதப்போ இன்ஜின் ஓடுற வேகம்) ஏறி இறங்குது, செக் இன்ஜின் விளக்கும் எரியுது.

பதில்: முதல் சந்தேகம் கனெக்டர்; "டிக்"னு சத்தம் கேட்கிறவரை அழுத்துங்க. அது சரின்னா, சென்சாருக்குப் பின்னால காத்து கசியுது. அளக்கப்படாத காத்து உள்ளே போனா கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு விடுற பெட்ரோல் பத்தாது, கலவை மெலிஞ்சிடும். ஸ்கேனரில் பி0171 (கலவை மெலிஞ்சிருக்குன்னு சொல்ற பிழைக் குறியீடு) வந்தா இதைத்தான் முதல்ல பார்க்கணும். ஹோஸ் விளிம்பு உள்பக்கமா மடிஞ்சிருக்கும், இல்லேன்னா ப்ரீதர் ஹோஸை மாட்ட மறந்திருப்பீங்க. இன்ஜின் ஓடும்போது ஹோஸின் மடிப்புகளைக் கையால லேசா வளைச்சுப் பாருங்க (ஃபேன், பெல்ட் பக்கம் கை வேண்டாம்). ஐடிலிங் மாறினா அங்கேதான் வெடிப்பு.

கேள்வி: பேப்பர் பில்டரைக் கழுவலாமா?

பதில்: கூடாது. மாத்துங்க.

கேள்வி: பாக்ஸுக்குள்ள எண்ணெய் நிக்குது?

பதில்: டிப்ஸ்டிக்கைப் பாருங்க. ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தா அதுதான் ப்ரீதர் வழியா வருது. அளவு சரியா இருந்தா பிசிவி வால்வை (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை மறுபடி எரிய அனுப்புற வால்வு) சோதிக்கணும்.