திருகைத் தொடும் முன்: பழைய கேசட் டெக் கேள்வி பதில்

சேலத்தில் ரெக்கார்டிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் டெக் பழுதுபார்க்கும் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு தாளில் பாட்டுப் பட்டியலையும் ஒரு புது கேசட்டையும் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வந்து வாங்கிப் போவார்கள். அந்தக் கடைகளின் டெக்குகள் காலை பத்து மணி முதல் ராத்திரி கடை சாத்தும் வரை ஓடும். அவற்றைப் பிரித்துப் பிரித்துத்தான் கற்றுக்கொண்டேன். இந்த முறை வந்த கேள்விகளில் முதலாவது ஒரு ஸ்டூடியோ டெக்கைப் பற்றியது.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்: மூடிப்போன ஸ்டூடியோவிலிருந்து டாஸ்காம் 122 எம்.கே.3 ஒன்று வாங்கினேன், சார். பத்துப் பதினைந்து வருஷம் ஓடாமல் கிடந்ததாம். நேராக பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். நல்ல பொருள் வாங்கியிருக்கிறீர்கள், அவசரத்தில் கெடுத்துவிடாதீர்கள். பதிவுக்கு ஒன்று, கேட்க ஒன்று, அழிக்க ஒன்று என, டேப் உரசிப் போகும் மூன்று ஹெட் உள்ள மெஷின் அது. முதலில் பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். 120 என்று இருந்தால் நம் 230 அதைக் கொன்றுவிடும்.

அப்புறம் மூடியைக் கழற்றி வெறும் கண்ணால் பாருங்கள். போர்டில் சின்ன உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, கருகிய வாசனை வருகிறதா, பல்லி முட்டை இருக்கிறதா. டேப்பை ஓட்டும் கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலை, கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது டெக்குக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி போட்டு, கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கிவிட்டால் நல்லது. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். டெக்கின் டிரான்ஸ்ஃபார்மர் போக வேண்டிய இடத்தில் பல்பு எரிந்து காப்பாற்றியிருக்கிறது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும்.

ஓமலூரிலிருந்து: எழுபதுகளில் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டெக். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன், அண்ணா. ஆனாலும் எல்லாப் பாட்டும் சோகப் பாட்டாக இழுக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்தக் காலத்து டெக்குகள் சிலவற்றில் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் இருக்கும். அது மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது. ஆகவே இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். நாலு கட்டையில் பாடியவர் இரண்டு கட்டைக்கு இறங்கிவிடுவார். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், உங்களுடையது 4 சென்டிமீட்டரை ஒட்டி ஓடுகிறது.

மோட்டார் தண்டில் உள்ள புல்லியின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சரியாகிவிடும். நம் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பழைய புல்லியைக் கொடுத்து, அதே குழி, அதே வளைவு, விட்டம் மட்டும் 1.2 மடங்கு என்று சொல்லி பித்தளையில் கடைந்து வாங்குங்கள். தண்டுத் துளை நடுவில் அச்சாக வரவில்லையென்றால் பாட்டு நடுங்கும், அதனால் அதை மட்டும் கூட நின்று பாருங்கள். மோட்டாரோடு உள்ள கெப்பாசிட்டரின் மதிப்பும் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ப மாற வேண்டும். உள்ளே டி.சி. மோட்டார் இருந்தால் இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அப்போது பெல்ட்டையும் இறுகிப்போன கிரீஸையும் பாருங்கள்.

மேட்டூரிலிருந்து: மூடியைத் திறந்தால் பெல்ட்டைக் காணோம். ஃப்ளைவீல் முழுக்கத் தார் மாதிரி அப்பியிருக்கிறது.

அந்தத் தார்தான் பெல்ட். பழைய ரப்பர் காலமும் ஈரமும் சேர்ந்து இப்படி உருகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சட்டையில் பட்டால் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் போதும், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு ஃப்ளைவீலுக்கு எனக்கு நாற்பது குச்சி ஆகும். புல்லியின் குழியில் நூலளவு மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் அதில் ஏறி ஏறி இறங்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். புது பெல்ட்டுக்கு அளவு எடுக்க, பெல்ட் போகும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதில் நூற்றுக்கு ஐந்தாறு குறைத்து வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிடும்.

தாதகாப்பட்டியிலிருந்து: பிளே அழுத்தினால் 'டக் டக்' என்று சத்தம், ஹெட் பாதி ஏறி நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் கியரில் மயிரிழை விரிசல். இந்தக் கியர் எங்கே கிடைக்கும்?

புதுசு கிடைப்பது கடினம். ஆனால் விரிசல் எங்கே என்று சரியாகப் பாருங்கள். பெரும்பாலும் பல் உடைந்திருக்காது. கியரின் கழுத்து, அதாவது உலோகத் தண்டைக் கவ்வும் பகுதி, வருஷக்கணக்காக இறுக்கத்தில் இருந்து பிளந்திருக்கும். பிளவு விரிவதால் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி அந்த ஒரு இடத்தில் கூடிவிடும், சுற்றுக்கு ஒரு 'டக்' வருவது அதனால்தான்.

எனக்கு இதைத் தீர்த்து வைத்தது செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கியரை உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்த பெரியவர், ஒரு வார்த்தை பேசாமல் பித்தளைத் தகட்டில் மெல்லிய வளையம் ஒன்று செய்தார். கழுத்தைவிட ஒரு மயிர் சின்னது. வளையத்தை லேசாகச் சூடாக்கி, கியரின் கழுத்தில் போட்டு அழுத்தினார். ஆறினதும் பிளவு கண்ணுக்கே தெரியாமல் மூடிக்கொண்டது. கொலுசுக்குக் கண்ணி வைக்கிற கைக்கு இது பெரிய வேலையே இல்லை. அந்த டெக் இன்னும் ஓடுகிறது. பசை மட்டும் போட்டு ஒட்டினால் நிற்காது, வெளியிலிருந்து பிடிக்க வேண்டும்.

வாழப்பாடியிலிருந்து: ஐயா, எங்கள் அம்மாச்சி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே ஒரு கேசட்டில் இருக்கிறது. 1987-இல் சித்தப்பா சின்ன ரெக்கார்டரில் பிடித்தது. இப்போது நல்ல டெக்கில் போட்டாலும் கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கிறது. டேப் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்காது அம்மா. மனதைத் தளர விடாதீர்கள். ஆனால் இனி அந்தக் கேசட்டை வெறுமனே போட்டுப் போட்டுக் கேட்காதீர்கள்.

முதலில் கேசட்டின் வாய்ப்பக்கம் பாருங்கள். செம்பு நிறத் தகட்டில் ஒரு சின்னக் கம்பளிப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதுதான் டேப்பை ஹெட்டோடு அணைத்துப் பிடிப்பது. பசை காய்ந்து அது விழுந்திருந்தால் குரல் இப்படித்தான் மங்கும். அப்படியானால் டேப்பை வேறொரு ஸ்க்ரூ வைத்த கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டும். நாகமிச்சி டெக்குகள் பலவற்றில் ஹெட்டைச் சுற்றியுள்ள சட்டம் இந்தப் பஞ்சைப் பின்னால் தள்ளிவிடும், அதில் பஞ்சு இல்லாத கேசட்டும் பாடும். தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பஞ்சு சரியாக இருந்தால், சித்தப்பாவின் ரெக்கார்டரில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கிறது என்று பொருள். ஹெட்டின் நடுவில் உள்ள இடைவெளி டேப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இதை அசிமுத் என்போம். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று டேப்பில் பிடிக்கும் நீளம் 4.76 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே துளி சாய்ந்தாலும் மேல் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சாய்ந்த ஹெட்டில் பதிந்ததை அதே சாய்வில்தான் கேட்க வேண்டும். அம்மாச்சியின் குரல் முழுசாக டேப்பில் இருக்கிறது, உங்கள் டெக் அதை நேராக நின்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. ஹெட்டைத் துடைத்துவிட்டு, உங்கள் டெக்கிலேயே பதிந்த நல்ல கேசட் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வர அதுதான் அடையாளம். ஹெட்டின் சாய்வை மாற்றும் அசிமுத் திருகின் தலையில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். பிறகு அம்மாச்சியின் கேசட்டைப் போட்டு, ஆம்பிளிஃபயரை மோனோவில் வைத்து, காந்தமில்லாத திருப்புளியால் திருகை மெல்ல அசையுங்கள். கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடம் நகருமே, அந்த அளவு. 'ச', 'ஸ' எழுத்துகள் திடீரென்று கூர்மையாகும் இடம் ஒன்று வரும். மூச்சு இழுப்பது கேட்கும். அங்கே நிறுத்தி, உடனே கம்ப்யூட்டரில் 24 பிட்டில் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த பக்கத்துக்கு மறுபடி பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. முடிந்ததும் திருகைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்து வைத்த கேசட்டைப் போட்டுச் சரிபாருங்கள். கை நடுங்கும் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

சங்ககிரியிலிருந்து ஒரு இன்ஜினியரிங் மாணவர்: எடுத்தவுடன் எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றிவிடலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே அண்ணா?

தம்பி, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்னிடம் வரும் டெக்குகளில் பெரும்பாலானவற்றின் நோய் பெல்ட், டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர், காய்ந்த கிரீஸ், கறுத்த ஸ்விட்ச் காண்டாக்ட். ஓடுகிற போர்டில் நூறு கெப்பாசிட்டரை மாற்றினால் செம்புத் தடம் பெயர்ந்து கிளம்புவதும் பிளஸ் மைனஸ் மாறுவதும் நடக்கும். அப்புறம் பழைய நோய் எது, நீங்கள் கொடுத்த நோய் எது என்று பிரிக்கவே முடியாது. பவர் சப்ளையில் உள்ளவற்றை முதலில் கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மீட்டரில் அளந்து, கெட்டதை மட்டும் 105 டிகிரி சூடு தாங்கும் ரகத்தில் மாற்று. அளக்காமலே மாற்ற வேண்டியது ஒன்று உண்டு: ஐரோப்பிய மெஷின்களில் கரண்ட் உள்ளே நுழையும் மெயின்ஸ் பக்கம் தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும் பேப்பர் கெப்பாசிட்டர். மேலே விரிசல் கண்டால் ஒருநாள் புகை கக்கும். மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ்2 ரகம் போடு.

போர்டில் உள்ள சின்னச் சின்ன பிரீசெட் திருகுகளை 'திருப்பித்தான் பார்ப்போமே' என்று தொடாதே. டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பியின் லெவல், பதிவின்போது ஒலியோடு கலக்கும் பயாஸ் மின்சாரத்தின் அளவு எல்லாம் அங்கே இருக்கிறது. டெஸ்ட் டேப் இல்லாமல் அவற்றைத் திருப்பினால் திரும்பி வர வழியே இல்லை.

ஆத்தூரிலிருந்து: டால்பி போட்டால் பாட்டு மந்தமாகிறது.

கேசட்டில் டால்பியோடு பதிந்திருந்தால்தான் போட வேண்டும். அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகள் பல டால்பி இல்லாமல் பதிந்தவை. அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ராசிபுரத்திலிருந்து: பிஞ்ச் ரோலரை உப்புத்தாளால் தேய்க்கலாமா? டபிள்யூ.டி. 40 எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். ரோலரை இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பளபளவென்று கண்ணாடி போல இறுகிவிட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து, காபித் தோட்டத்து வீட்டுக்காரர் ஒருவர்: அப்பா சேர்த்த இருநூறு கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. டெக்கையும் கேசட்டையும் எப்படிக் காப்பது?

உங்கள் ஊரில் மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் அந்த ஈரத்தில் இருந்தால் பூஞ்சை வரத்தான் செய்யும். பூஞ்சை பிடித்த எதையும் நல்ல டெக்கில் போடாதீர்கள், ஒரு கேசட்டிலிருந்து ஹெட் வழியாக அடுத்ததற்குப் போய்விடும். எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் வையுங்கள். காய்ந்த பூஞ்சை தூளாக உதிரும். அதைத் திறந்த வெளியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் கூட்டின் ஜன்னலிலும் வாயிலும் தட்டி எடுங்கள். பிறகு, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பழைய பிளேயர் ஒன்றில் முழுசாக ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு அதன் ஹெட்டைத் துடையுங்கள். அடுப்பில், ஓவனில் சுட வைப்பது கேசட்டுக்குச் சரிப்படாது, கூடு வளைந்துவிடும்.

டெக்கைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள், உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும், ரோலரும் ஒரே இடத்தில் அழுந்தாது. இருநூறில் அப்பாவின் கையெழுத்து உள்ளவற்றை முதலில் எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். கடையில் வாங்கிய பாட்டு கேசட்டுகள் காத்திருக்கலாம்.