ஊசியால் சிலிக்கனில் கோடு கீறும் படிப்பு: ஒரு திருகோணமலைத் தாய்க்குப் பதில்

அக்கா, போன கிழமை மகளோடு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. "சிலிக்கன் துண்டில ஊசியால கோடு கீறுறதுக்கு ஒரு படிப்பா, அதுக்கு யாரு சம்பளம் குடுப்பாங்க?" என்றீர்கள். உவர்மலை போய்ச் சேரும் வரை பிள்ளை வாயே திறக்கவில்லை என்று பிறகு போனில் சொன்னீர்கள். நேரில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன், அவளும் வாசிக்கட்டும்.

அவள் ஆசைப்படுவது விளையாட்டு இல்லை. 1981இல் சூரிச்சில் உள்ள ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பின்னிக், ரோரர் என்ற இருவர், ஒரு கூரான ஊசியைப் பரப்பில் முட்டாமல் ஒரு நனோமீற்றர் (மில்லிமீற்றரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு) அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய், அந்த இடைவெளியைத் தாண்டி வரும் இலத்திரன்களை அளந்தே அணுக்களின் மேடு பள்ளத்தைப் படமாக்கினார்கள். 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம்தான் பின்னிக்கும் வேறு இருவரும் அணுவிசை நுணுக்குக்காட்டியை அறிமுகப்படுத்தினார்கள், அது மின் கடத்தாத பொருளையும் தடவிப் பார்க்கும். பார்க்கிற ஊசியாலேயே எழுதவும் முடியுமா என்ற கேள்வி அப்புறம் வந்தது.

சிலிக்கனில் எழுதுவது இப்படி. துண்டை ஐதரோபுளோரிக் அமிலத்தில் கழுவினால் மேலே இருக்கும் ஒட்சைட்டுப் படை, அதாவது ஒட்சிசனோடு சேர்ந்த சிலிக்கன், போய்விடும், வெளியே தெரியும் அணுக்களில் ஐதரசன் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஊசியைக் கிட்டக் கொண்டுபோய்ச் சில வோல்ற்று கொடுத்தால், காற்றில் உள்ள ஈரம் முனைக்கும் துண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாலமாக நிற்கும், அதற்குள் நடக்கும் மின்னிரசாயனத் தாக்கத்தால் ஊசி போன வழியெல்லாம் ஒட்சைட்டு கோடாக வளரும். பிறகு பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட்டால் கோடு இல்லாத இடம் அரிபடும், கோட்டுக்குக் கீழே உள்ள சிலிக்கன் மேடாக மிஞ்சும். கோட்டின் அகலம் சில பத்து நனோமீற்றர்தான், தலைமயிரின் தடிப்போ எண்பதாயிரம் நனோமீற்றர் அளவில் இருக்கும். காற்றின் ஈரப்பதன் மாறினால் கோடும் மாறும். கச்சான் வீசும் ஆனியிலும் மழை அடிக்கும் மார்கழியிலும் நமது ஊரில் இதைச் செய்தால் இரண்டு விதமான கோடு வரும், அதனால்தான் ஈரப்பதனைக் கட்டுப்படுத்திய பெட்டிக்குள் செய்கிறார்கள். மகள் படிக்க ஆசைப்படுவது இந்த மாதிரிக் காரணங்களைத்தான்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஊசி ஒவ்வொரு கோடாகத்தான் கீறும், மிக மெதுவான வேலை, அதனால் போனுக்குள் இருக்கும் சிப்பைத் தொழிற்சாலைகள் இந்த முறையில் செய்வதில்லை, அவர்கள் ஒளியால் ஒரே நேரத்தில் பெரிய பரப்பில் அச்சிடுகிறார்கள். ஊசி எழுத்து பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்குரியது. அவுஸ்திரேலியாவில் மிஷேல் சிமன்ஸ் குழுவினர் 2012இல் சிலிக்கனில் ஒற்றைப் பொசுபரசு அணுவைக் குறித்த இடத்தில் வைத்து ஒரு திரான்சிற்றர் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு ஆளி) செய்து காட்டியதும் ஊசியால் எழுதித்தான், ஆனால் அது ஒட்சைட்டு வளர்க்கும் முறை இல்லை, ஊசியால் ஐதரசனை அகற்றும் முறை, அதற்கு மிக உயர்ந்த வெற்றிடம் வேண்டும். "கோடு கீற ஆள் தேவை" என்று எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வராது.

சம்பளம் வருவது கோட்டுக்கு இல்லை அக்கா, அதைக் கீறப் பழகும்போது கைக்கு வரும் வேலைகளுக்கு. வெற்றிடப் பம்பிகளைப் பராமரிப்பது, இரைச்சல் குறைந்த மின்சுற்று அமைப்பது, பரப்பைச் சுத்தமாக வைத்திருப்பது, படத்தில் எது உண்மை எது ஊசியின் பிழை என்று பிரித்தறிவது. தாய்வான், கொரியா, சிங்கப்பூர் என்று சிப் செய்யும் குறைகடத்தித் தொழில் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கை தேவை. நமது நாட்டில் சிப் தொழிற்சாலை இல்லை. ஹோமாகமவில் இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு நிறுவகத்தை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணக்குப் போட வேண்டாம்.

பெயரில் "நனோ" இருக்கிறது என்பதற்காகக் காசு கட்டி எந்தக் கற்கைநெறியிலும் சேர்க்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை அப்படி ஒரு தனியார் இடத்துக்குப் போக நானே சரி என்று சொன்னேன், அங்கே அவன் ஒரு நுணுக்குக்காட்டியைக் கூடத் தொடாமல் முடித்தான், அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. பௌதிகவியலும் இரசாயனவியலும் சேர்ந்த சாதாரண விஞ்ஞானப் பட்டம் போதும். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்) எல்லாவற்றிலும் விஞ்ஞான பீடம் இருக்கிறது. நமது திருகோணமலையில் கோணேசபுரி வளாகத்தில் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கிறது, வீட்டில் இருந்தே போய்வரலாம். பொறியியலுக்கு வேண்டிய இசட் புள்ளியை (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளி) விட பௌதிக விஞ்ஞானத்துக்குக் குறைவாகத்தான் கேட்பார்கள் என்பதால், "கிடைக்காதவர்கள் போகும் இடம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதைக் காதில் போடாதீர்கள்.

அங்கே போன பிறகு நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக வேண்டும், அதில் நல்ல வகுப்பில் (முதலாம், இரண்டாம் என்ற தரத்தில்) சித்தியடைய வேண்டும், ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், விஞ்ஞானப் பாடங்களில் பொதுவாகக் கட்டணத்தை அவர்களே பொறுத்து, மாணவர்களுக்குக் கற்பிக்கும் வேலைக்கு மாதாமாதம் உதவிப்பணமும் தருவார்கள். வகுப்பு வராமல் போனாலும் இலத்திரனியல், மென்பொருள், ஆசிரியத் தொழில் என்று வழி இருக்கும்.

அனுமதி வரும் வரை அவள் சும்மா இருக்க வேண்டாம். குவிடியன் (Gwyddion) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அணுவிசைப் படங்களைத் திறந்து அளக்க ஆய்வாளர்களே பாவிப்பது. வீட்டு மடிக்கணினியில் அதைப் போட்டு, ஒரே படத்தை மூன்று மணித்தியாலம் நோண்டிப் பார்க்கட்டும். அலுப்புத் தட்டினால் இப்போதே சொல்லட்டும், கோபிக்காதீர்கள். இந்த வேலையில் ஒரு நல்ல கோட்டுக்காக நாள் முழுக்க ஊசி மாற்றிக்கொண்டு இருக்க வேண்டி வரும்.

கடைசியாக ஒன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை எந்த வரிசையில் போடுகிறீர்களோ, இசட் புள்ளியோடு அதையும் பார்த்துத்தான் இடம் தருவார்கள், அதை அவசரத்தில் நிரப்பாதீர்கள். ஆணைக்குழுவின் கைநூலையும் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை இரண்டு பேரும் வாருங்கள். வரிசையைப் பென்சிலால் அவளே எழுதிக்கொண்டு வரட்டும்.